குரங்குப்பட்டடையும் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகமும்

1957ஆம் ஆண்டு ஒரு மழைநாளில் முத்துக்கருப்பன் என்ற தோட்டத் தொழிலாளி கண்டியில் இருந்த என் வீட்டுக்கு வந்து ஒரு புத்தகத்தைக் கேட்டார். அது அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், என் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய்யால் அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளும் இந்த நாட்டில் வாழும் உரிமையை இழந்தார்கள். இதைச் சொல்லாமல் என் தொழிலைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது பாதிப் பொய்யாகவே இருக்கும்.

எழுதும்படி கேட்டவர்கள் இளம் நில அளவையாளர்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டினார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நிற்கும் இடத்தை அது ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. "இடத்தின் பெயரை எங்கே எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். எண் போதும், பெயருக்கு அதில் கட்டம் இல்லை என்றார். அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டேன்.

என் தந்தை வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. அதனால் நான் கொழுந்துக் கூடைக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினேன். ஹட்டனில் சிரேஷ்ட வகுப்பு முடித்து, 1948இல் பத்தொன்பது வயதில், யான்ஸ் என்ற பறங்கிய நில அளவையாளரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டங்களின் எல்லைகளை அளந்து படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால் இரண்டு அறைகள்தான் அலுவலகம். அளவுச் சங்கிலி இழுக்கவும் மட்டம் பார்க்கவும் படம் வரையவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல அதிகமில்லை.

சங்கிலிக்கு இரண்டு நுனி. ஒன்று என்னிடம், மற்றது முத்துக்கருப்பனிடம்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சங்கத் தகராறில் தோட்டத்துரை அவருக்குத் துண்டு கொடுத்துவிட்டார். துண்டு கொடுத்தால் பெயரை வெட்டி, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டும் வெளியேற்றிவிடுவார்கள். மனைவி அழகம்மாவைப் பிள்ளைகளோடு டயகமவில் அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, கையில் ஒரு கம்பளியோடு ஹட்டனுக்கு வந்தவரை யான்ஸ் சேர்த்துக்கொண்டார். பேரேட்டில் பெயர் இல்லை, கடிதம் இல்லை. சம்பளம் சனிக்கிழமைகளில் கைக்குக் கை. ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். பிறகு டயகமவில் ஒரு தோட்டத்தில் மறுபடி பேர் பதிந்துகொண்டார். அந்த ஒன்றரை வருடம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று.

யான்ஸுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழங்கற்கள். வரலாறு எழுதப்படுவதற்கு முன்னால் மனிதர்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். மண்ணுக்கு மேலே இருந்தால் கல்திட்டை, மண்ணுக்குள் பெட்டிபோல் இருந்தால் கற்பதுக்கை, ஒற்றையாய் நட்ட நீளக் கல்லானால் குத்துக்கல் என்று இன்று புத்தகங்களில் படிக்கிறோம். இவ்வளவு உயரமான மலைகளில் அவை கிடையாது என்று கொழும்புப் படிப்பாளிகள் சொன்னார்கள். "தேடிப் பாத்துட்டா சொல்றாங்க?" என்பார் யான்ஸ். தோட்டத் தமிழை அவர் தொழிலாளர்களிடமே கற்றிருந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் கல் தேடப் போனோம். அதற்கென்று தனியாக, கறுப்பு மெழுகுத்துணி அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எழுதுவது என் வேலை. ஒவ்வொரு நாளும் முடிவில் யான்ஸ் கையெழுத்திடுவார். அதில் எழுதும் முறையை அவர் வகுத்திருந்தார். முதலில் தேதி, இடம், வானிலை. அடுத்து, அங்கே நிற்பவர்கள் அத்தனை பேருடைய முழுப்பெயர். பிறகு அந்தக் கல்லை அந்தப் பக்கத்து ஆட்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள், சொன்னது யார். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்து ஒரு படம். அளவு நாடா அதற்கும் பிறகுதான் பையிலிருந்து வெளியே வரும்.

ஒருநாள் அவசரத்தில் நான் நாடாவை முதலில் பிரித்துவிட்டேன். யான்ஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அதைச் சுருட்டி முடிக்கும்வரை நின்றார். கோபம் வந்தால் அவர் தொப்பியைக் கழற்றுவார், அவ்வளவுதான். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுந்தரம், ஒரு வீட்டுக்குப் போனா வாசல அளப்பியா, வீட்டுக்காரன் பேர கேப்பியா?"

"வீட்டுக்காரன் செத்து ரெண்டாயிரம் வருசமாச்சே சேர்" என்றார் முத்துக்கருப்பன்.

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன கேளு."

இப்போதும் மழை விட்ட ஞாயிறு காலைகளில் எனக்கு அந்த மலைப்பாதை வேண்டியிருக்கிறது. கால்களில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கப் பூசிய சவர்க்காரத்தின் வாசம், தகரப் போத்தலில் ஆறிய சாயத் தேநீர், முதல்நாள் சுட்ட ரொட்டி, முன்னால் சிவப்பும் வெள்ளையுமான அளவுக் கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு போகும் முத்துக்கருப்பனின் முதுகு. றொசல்லையில் ரயில் ஊதும் சத்தம் கீழே பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும். பெரும்பாலான ஞாயிறுகளில் ஒன்றும் கிடைக்காது. அட்டை கடித்த இரத்தத்தோடு, சிரித்துக்கொண்டு திரும்புவோம். என் வாழ்க்கையில் எதையும் மறைக்காமல் நான் இருந்தது அந்தக் காலத்தில்தான்.

1949ஆம் ஆண்டின் நடுவில், வட்டவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் காட்டு எல்லையில் நின்றோம். கம்பு வெட்ட உள்ளே போன முத்துக்கருப்பன் வெகுநேரம் வரவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது.

"தம்பி! அளவுகார தொரய கூட்டிட்டு வாங்க. எங்காத்தா சொன்ன சாமான் ஒண்ணு இங்க ஒக்காந்திருக்கு."

மூன்று பலகைக் கற்கள் நின்றன. அவற்றின் மேல் ஆமை முதுகுபோல் ஒரு பெருங்கல். முன்பக்கம் திறந்திருந்தது. உள்ளே சருகும் முள்ளம்பன்றி முட்களும் கிடந்தன. யான்ஸ் அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். தொப்பி கையில் இருந்தது. அன்று அது கோபத்துக்காக அல்ல.

"டொல்மன்" என்று கல்திட்டையின் ஆங்கிலப் பெயரைத் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, எழுதாத. மொதல்ல பேரு கேளு."

கீழ்க் கிராமத்திலிருந்து கித்துள் மரத்தில் கள் சீவ வந்த ஒரு சிங்களப் பெரியவரை அழைத்துக் கேட்டோம். 'கல்கே' என்றார், கல் வீடு என்று பொருள். தன் அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். அதை எழுதிக்கொண்டேன். யான்ஸ் முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினார்.

"ஒங்காத்தா என்ன சொன்னா?"

"குரங்குப்பட்டடை, சேர்."

"குரங்குக்கு இதில என்ன வேல?"

"புதுக்கோட்டைப் பக்கம் பொட்டக்காட்டுல நெறைய இருக்காம். குரங்குங்க கூடி ஒக்காந்து தொழில் பாத்த பட்டறையாம். மழைக்கு ஒண்டறதுக்கும் அதேதானாம். என்னைய மூணு வயசுல இடுப்புல வச்சு கப்பலேத்திட்டு வந்திருச்சு, நா எங்க பாத்தேன்? லயத்துல கூரை ஒழுகறப்பெல்லாம் சொல்லும், இதுக்கு அந்தக் குரங்குப்பட்டடையே தேவலைன்னு."

உள்ளே குனிந்து கையால் சாண் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்: "நெசந்தான் சேர். நம்ம காம்பராவ விட ரெண்டு சாண் அகலம். செத்தவனுக்கு இம்புட்டு எடம் குடுத்திருக்கான் பாருங்க!"

யான்ஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு முடியவில்லை. "பட்டடை இருந்தா பக்கத்துல குத்துக்கல்லு நிக்கும்னு ஆத்தா சொல்லும். மாடு போயி ஒரசுமாம்" என்று சொல்லிக்கொண்டே முத்துக்கருப்பன் புதர்ப் பற்றைக்குள் இறங்கினார். நாற்பது அடி தள்ளி, பாசி மூடிச் சாய்ந்து கிடந்த ஒன்பதடி நீளக் கல்லை அவர்தான் காலால் தட்டிக் கண்டார். யான்ஸும் நானும் தனியாக வந்திருந்தால் அதைக் கடந்து போயிருப்போம். எங்களிடம் இருந்தவை புத்தகச் சொற்கள். அவரிடம் இருந்த சொல்லுக்குள் அடுத்த கல் எங்கே இருக்கும் என்ற விவரமும் சேர்ந்திருந்தது.

அளக்க இரண்டு ஞாயிறு பிடித்தது. பாசியைச் சுரண்டக்கூடாது என்பது யான்ஸின் கட்டளை. திசைகாட்டியால் வடக்கு பார்த்து, ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு கல்லின் மூலைக்கும் செங்கோணத்தில் தூரம் எடுத்தோம். மூடுகல்லின் கனத்தை நான்கு மூலைகளிலும் தனித்தனியாக எடுத்தோம். தூக்குக்குண்டை முத்துக்கருப்பன் மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். புத்தகத்தில் நான் எழுதியது இது: "முதலில் கண்டவர் முத்துக்கருப்பன். உள்ளூர்ப் பெயர்: கல்கே (கிராமத்தார் சொன்னது). குரங்குப்பட்டடை (முத்துக்கருப்பன், தாய் சொல்லக் கேட்டது)." கீழே யான்ஸின் கையெழுத்து.

அடுத்த ஆண்டு யான்ஸ் அலுவலகத்தை மூடிவிட்டுக் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனார். எல்லைப் படங்களும் களக்குறிப்புகளும் அந்தந்தத் தோட்டக் கம்பனிகளுக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைப் புத்தகத்தை மட்டும் என்னிடம் தந்தார். "ஒழுங்கா ஒரு கட்டுரை எழுதி கொழும்புச் சங்கத்துக்கு அனுப்பு. எல்லாத்தையும் எழுது" என்றார். பழம்பொருள் ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் நடத்திய ஒரு சங்கம் அது. அங்கே போய் ஒரு வருடத்துக்குள் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எழுதினேன், ஆங்கிலத்தில். எழுதி முடித்தபோது கல்லை முதலில் கண்டவன் நானாக இருந்தேன். குத்துக்கல்லைத் தேடிக் கண்டதும் நான். 'குரங்குப்பட்டடை' என்ற பெயரை, 'தென்னிந்தியத் தொழிலாளர் வழக்குகளை ஆராய்ந்து' சேகரித்ததும் நான். முத்துக்கருப்பனின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தில் அவர் பெயரை விட்டேன். அது படிக்க நன்றாக இருந்தது. அடுத்த வாக்கியத்திலும் விட்டேன். சங்கம் அதைத் தன் இதழில் வெளியிட்டது. அதைப் படித்த ஒருவர் மூலம் கண்டியில் படவரைஞர் வேலை கிடைத்தது. வீடு கிடைத்தது. திருமணம் நடந்தது. சங்கத்தில் பேசவும் அழைத்தார்கள்.

அந்த ஆண்டுகளில் மலைநாட்டில் ஒவ்வொரு குடும்பமும் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு அலைந்துகொண்டிருந்தது. பல தலைமுறையாய் இங்கே உழைத்தவர்கள், இடைவிடாமல் இங்கேயே இருந்தோம் என்று எழுத்தில் நிரூபிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். எனக்குப் பள்ளிக்கூடப் பதிவேடு இருந்தது, தந்தையின் வேலைப் பத்திரம் இருந்தது. சிரமமில்லாமல் கிடைத்துவிட்டது.

1957இல் வந்து நின்ற முத்துக்கருப்பனின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். முன்பு என்னைத் 'தம்பி' என்றவர் அன்று 'ஐயா' என்றார்.

"நுவரெலியா கச்சேரி ஆபீசுல பிரஜாவுரிமை விசாரணைங்க ஐயா. எல்லாம் சரியா வந்திச்சு. நாப்பத்தெட்டுலருந்து ஒன்றரை வருசம் எங்கடா இருந்தேன்னு கேக்குறாங்க. சர்வே வேலையில இருந்தேன்னா, எழுத்து எங்கங்கறாங்க. நீ ஊருக்கு ஓடிட்டு வந்தவன்ங்கறாங்க. ஒன் ஊரு எதுன்னாரு, நாம் பாட்டுக்கு பழக்கத்துல புதுக்கோட்டைப் பக்கம்னுட்டேன். அதயும் எழுதிக்கிட்டாரு."

"சாட்சி யாரும் இல்லையா?"

"வாய்ச்சாட்சி செல்லாதாம். தேதி போட்ட காகிதம் வேணுமாம். அந்த ஞாயித்துக்கெழம பொஸ்தகம் ஐயாகிட்டதான இருக்கு? தொர கையெழுத்தோட எம் பேரு வாரா வாரம் இருக்குமே. ஒரு தடவ காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன். மழையில நனையாம கொண்டு போயி கொண்டாந்துருவேன்."

அவர் அதற்காக ஓர் எண்ணெய்த்துணியும் கொண்டுவந்திருந்தார். மடித்து மடியில் வைத்திருந்தார்.

நான் நினைத்தது இதுதான்: இந்தப் புத்தகம் ஒரு கச்சேரிக் கோப்புக்குள் போகும், யாரோ ஒருவர் படிப்பார், 'முதலில் கண்டவர் முத்துக்கருப்பன்' என்பதைப் பார்ப்பார், சங்கத்துக்குத் தெரியும். விசாரணை அதிகாரிக்குத் தேதிகளைத் தவிர வேறெதுவும் தேவைப்பட்டிருக்காது என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று பயம் மட்டுமே தெரிந்தது.

"வீடு மாறினபோது தொலைந்துவிட்டது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். "அப்ப ஐயா ஒரு கடுதாசியாச்சும்..." என்று தொடங்கினார். நான் அப்போது வெறும் உதவியாளன், என் கடிதத்துக்கு மதிப்பில்லை என்றேன். கடிதம் கொடுத்தால் புத்தகம் எங்கே என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்பார்களே என்பதுதான் காரணம். தேநீர் கொடுத்தேன், குடித்தார். போகும்போது, "ஐயாவுக்கு வீண் சிரமம் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவருடம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சொன்னார். விண்ணப்பத்தில் பெயர் இருந்த மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். அதற்குப் பிறகும் ஆறு வருடம் நான் எதுவும் செய்யவில்லை.

1964இன் கடைசியில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் எங்கள் மக்களை இத்தனை லட்சம் உங்களுக்கு, இத்தனை லட்சம் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்ட செய்தி பத்திரிகையில் வந்தது. என் மேசையில் பத்திரிகை கிடந்தது. எனக்குப் பின்னால் அலமாரி இருந்தது. என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. அடுத்த ஞாயிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு டயகமவுக்குப் போனேன்.

லயத்து வாசலில் அழகம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முத்துக்கருப்பன் எழுந்து நின்றார். தலை நரைத்திருந்தது. நான் உட்காரவில்லை. புத்தகம் தொலையவில்லை, அன்றும் வீட்டில்தான் இருந்தது, பொய் சொன்னேன் என்றேன். கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். அழகம்மாதான் பேசினார்.

"ஏழு வருசமா அலமாரியில வச்சிருந்தீங்களா? பூச்சி கீச்சி அரிக்காம பத்தரமா பாத்துக்கிட்டீங்களாக்கும்?"

"சும்மா இரு புள்ள."

"நா ஏன் சும்மா இருக்கணும்? ஓடிப்போயிட்டு வந்தவன் பொண்டாட்டின்னு இந்த லயத்துல எனக்குத்தான பேரு. ஒங்களுக்கு என்ன, நீங்க கல்லு மாதிரி இருப்பீங்க."

முத்துக்கருப்பன் என்னிடம் புத்தகத்தை வாங்கவில்லை. "படிங்க" என்றார். நான் திண்ணமான குரலில் படிக்க முயன்றேன். தேதி, இடம், வானிலை, நின்றவர்கள் பெயர். அவருடைய பெயர் நாற்பத்தொரு ஞாயிறுகளில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். சிலவற்றுக்கு, "அன்னிக்கித்தான் தொர சேத்துல விழுந்தாரு" என்பதுபோல் ஏதாவது சொன்னார். ஒரு தேதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது தப்பு. அன்னிக்கி நா வரல. சரசுவதிக்கு பேரு வச்ச நாளு. இங்கன இருந்தேன்."

பழக்கத்தில் நான் மூன்று பெயரையும் எழுதியிருக்கிறேன். யான்ஸும் கவனிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறார். "இருக்கட்டும், ஒன்று கூடுதலாக இருப்பதில் என்ன?" என்றேன்.

"வெட்டிருங்க. இத ஒரு ஆபீசர்கிட்ட காட்டப் போறீங்கதான? ஒண்ணு பொய்யின்னு கண்டுட்டான்னா மிச்ச நாப்பதும் பொய்யாயிரும்."

அவர் எதிரிலேயே அந்தப் பெயரின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

கொழும்பில் உரிய அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். நான் முன்பு புத்தகத்தை மறைத்தேன் என்று சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை ஒரு மூத்த அதிகாரி கோப்பை வரவழைத்து, புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். வெட்டிய இடத்தில் நின்று காரணம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "விசாரணை நாளில் இது மேசையில் இருந்திருந்தால் போதும். நானாக இருந்தால் அன்றே கையெழுத்திட்டிருப்பேன்" என்றார். மேன்முறையீட்டுக் காலம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, மூடிய கோப்பைத் திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். புத்தகத்தை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார்.

அதை அப்படியே டயகமவில் போய்ச் சொன்னேன். போதுமானதாக இருந்திருக்கும் என்பதை மறைக்கலாமா என்று ரயிலில் யோசித்தேன். இன்னொரு முறை மறைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முத்துக்கருப்பன் ஒன்றை மட்டும் கேட்டார்.

"அந்த ஆபீசரே சொன்னாரா?"

"அவரே சொன்னார்."

"அப்ப நா பொய் சொல்லலைன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். அதில் அவருக்கு ஏதோ கிடைத்ததுபோல இருந்தது. அது எனக்கு அவர் திட்டியிருந்ததைவிடக் கடினமாக இருந்தது.

சங்கத்துக்கும் உண்மையை எழுதினேன். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்தது: கல்திட்டையை முதலில் கண்டதும், குத்துக்கல்லைக் கண்டதும், உள்ளூர்ப் பெயரைச் சொன்னதும் முத்துக்கருப்பன். நான் இத்தனை வருடம் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு சிறிய ஒன்றுக்காக.

1965இல் அவர்கள் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஹட்டன் நிலையத்தில் அழுகைச் சத்தம் ரயில் வரும் சத்தத்துக்கு மேலே கேட்டது. இரண்டு தகரப் பெட்டிகளோடு அவர்கள் நின்றிருந்தார்கள். நான் வாங்கிப் போயிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். முத்துக்கருப்பனிடம் புத்தகத்தை நீட்டினேன்.

"அத நா அங்க யாருகிட்ட காட்டறது, தம்பி? நீங்களே வச்சுக்கங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போன ஒடனே பொட்டக்காட்டுக்கு ஒரு நட போயிட்டு வரணும். ஆத்தா சொன்ன கல்லு இல்லாம கிடந்துச்சுன்னு வைங்க, அதுவும் பொய்க்காரின்னு ஆயிரும்" என்று சிரிக்கப் பார்த்தார்.

ரயில் நின்றது. பெட்டிகளை ஏற்றினோம். அழகம்மா அன்று அதுவரை என்னோடு பேசவில்லை. படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

"சரசுவதியோட பள்ளிக்கூட சர்டிபிகேட்டு வரல. பெரிய வாத்தியாரு லீவுல போயிட்டாரு. அது இல்லாம அங்க சேக்க மாட்டாங்களாம்." முந்தானை முடிச்சிலிருந்து ஒரு விலாசத்தை எடுத்து என் கையில் வைத்தார். "வாங்கி அனுப்புவீங்களா?"

"அனுப்புகிறேன்."

"இல்லன்னா இப்பவே இல்லைன்னு சொல்லிருங்க. நாங்க வேற வழி பாத்துக்குவோம்."

"கட்டாயம் அனுப்புகிறேன், அக்கா."

அவர் ஏறி உள்ளே போய்விட்டார்.

நான் கண்டிக்குத் திரும்பவில்லை. டயகமவுக்குப் போய், அந்தப் பெரிய வாத்தியாரின் ஊரைக் கேட்டு, நாவலப்பிட்டியில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து, மறுநாள் அவரைக் கையோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்தேன். பதிவேட்டைத் திறந்து அவர் எழுத எழுத, பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். அன்று மாலையே சென்றடைந்த அத்தாட்சி கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது. அதில் எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், தபால்காரர் எழுதிய அழகம்மாவின் பெயருக்குக் கீழே, இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது, மை கொஞ்சமும் கலையாமல்.